கண் பறவை மேல், கால் எங்கே?

விடுமுறை நாளன்று விடியற்காலையில் ஊருக்கு வெளியே செல்லும் சாலையில் சற்று நடந்து பாருங்கள். மின்கம்பியின் மேல் கரிச்சானும் பனங்காடையும் அமர்ந்திருக்கும். சாலையில் காயப்போட்ட தானியத்தைப் பொறுக்கப் புறாக்களும் சிட்டுக்குருவிகளும் வரும்.

கரிச்சான் ஏன் கம்பியை நாடுகிறது? உயரத்தில் அமர்ந்தால் நாற்புறமும் பறக்கும் பூச்சிகள் அதன் கண்ணில் படும். நமக்கும் மறைப்பின்றி அதைப் பார்க்க முடிகிறது. ஆகவே, பறவை நோக்குவோருக்குச் சாலை நல்ல இடம்தான். ஆனால் அதே சாலையில்தான் லாரியும் பஸ்ஸும் விரைகின்றன!

பைனாகுலர் மறைப்பது என்ன?

நம் இரு கண்களும் சேர்ந்து இடவலமாக ஏறத்தாழ 180 பாகை அகலத்தைப் பார்க்கின்றன. பக்கத்திலிருந்து வரும் வண்டி தெளிவாகத் தெரியாவிட்டாலும் அதன் அசைவு தெரிந்துவிடும். 8 மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் இந்த அகலம் ஏறத்தாழ 7 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, முன்பு தெரிந்ததில் 25இல் ஒரு பங்கு! மேலும், 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் காலடியில் உள்ள பள்ளம் தெரியாது.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 1 வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். நீங்கள் 5 வினாடி மட்டுமே பறவையைப் பார்த்தாலும் அது 80 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை அழுத்தவே 1 வினாடி ஆகலாம். அதற்குப் பின்னும், உலர்ந்த சாலையில்கூட, வண்டி நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 37 மீட்டர். ஈரச்சாலையில் இது இன்னும் கூடும்.

பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை வேளையில் சூரியன் தாழ்வாக இருக்கிறது. கிழக்கு நோக்கி ஓட்டுபவரின் கண் கூசும். நீங்கள் எதிரே நின்றாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். காதை மட்டும் நம்பவும் முடியாது. மின்சார ஸ்கூட்டர்கள் அதிக ஓசையின்றி வருகின்றன.

என்ன செய்யலாம்?

நடக்கும்போது பைனாகுலர் மார்பில் தொங்கட்டும். பறவையைக் கண்டதும் தார்ப்பரப்பை விட்டு விலகி நின்று, இருபுறமும் பார்த்த பிறகே அதைக் கண்ணில் வையுங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக நடந்தால், உங்கள் பக்கம் வரும் வண்டிகள் எதிரிலேயே தெரியும். வளைவிலும் குறுகிய பாலத்திலும் நிற்க வேண்டாம். வெளிர்நிறச் சட்டை அணியுங்கள். அசையாமல் நின்றால் பெரும்பாலான பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இருவராகச் சென்று, ஒருவர் பறவையைப் பார்க்கையில் மற்றவர் சாலையைப் பார்ப்பது மிக நல்லது.

சாலையை விட்டு இறங்கும்போது முதலில் தரையைப் பாருங்கள். கண்ணாடி விரியன் காய்ந்த சருகின் நிறத்தில் அசையாமல் கிடக்கும். வயலோரத்தில் சுற்றுச்சுவரில்லாத கிணறும் இருக்கலாம். பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படும்.

செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் நீளமுள்ள தாளை 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலாகச் சுருட்டி ஒட்டுங்கள். வீட்டு முற்றத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் குழல் வழியே எதிரிலுள்ள மரத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிவது 7 பாகைக்குச் சற்றே அதிகம். ஏறத்தாழ பைனாகுலரின் பார்வை அகலம்தான். இப்போது நண்பர் ஒருவரைப் பக்கவாட்டிலிருந்து ஓசையின்றி நடந்துவரச் சொல்லுங்கள். அவர் எங்கு வந்தபோது உங்கள் கண்ணில் பட்டார்? அந்தத் தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் ஒரு லாரி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அந்த எண்ணே சொல்லும்.