கல்லடி தாங்கும் மெல்லிய தோல்

மாணவர்களே! புதுக் கார் விரைகிறது. முன்செல்லும் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு சிறு கல் தெறிக்கிறது. 'டக்!' வண்ணப்பூச்சு பெயர்ந்து எஃகுத் தகடு வெளியே தெரிகிறது. ஈரமும் காற்றும் பட்டால் துருப்பிடிக்கும். கல் மோதும் வேகம் இருமடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் அல்லவா?

இதைத் தடுக்க, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள, ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டுகிறார்கள். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளை மணல் அரிக்காமல் காத்த படலத்தின் வழிவந்தது இது.

வண்ணப்பூச்சு விறைப்பானது, அடிபட்டால் உடையும். படலமோ அமுங்கி, அடியைப் பரப்பி, மீள்கிறது. எப்படி? அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் மென்பகுதிகள் நீளும். கடினப் பகுதிகள் விடாமல் பிடித்துக்கொள்ளும். சிலவகைப் படலங்களில் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும்! ஆழமான வெட்டு மறையாது.

ரப்பர் வளையம் ஒன்றை இழுத்து விட்டுப் பாருங்கள். வளைந்து கொடுப்பதும் ஒரு வலிமையே என்பது புரியும்.