தவளைக்கு விடுதலை!

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கல்லூரியில் விலங்கியல் படிக்கும் அக்கா, அண்ணன் யாராவது இருக்கிறார்களா? "தவளை அறுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே" என்பார்கள். அந்தக் காலத்தில் விலங்கியல் படித்த அத்தை, மாமா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பெரிய கதை சொல்வார்கள்!

அப்போதெல்லாம் கல்லூரி விலங்கியல் ஆய்வகம் என்றாலே தவளைதான். குளோரோஃபார்ம் கொடுத்த தவளையை, மெழுகு ஊற்றிய தட்டில் மல்லாக்கக் கிடத்தி, கை கால்களில் குண்டூசி குத்துவார்கள். தோலைக் கத்தரித்துத் திறந்தால், உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். நமக்கு இதயத்தில் நான்கு அறைகள், தவளைக்கு மூன்றுதான். உடலிலிருந்து வெளியே எடுத்து, அளவான உப்புக் கரைசலில் போட்டாலும் அது துடிக்கும். அவ்வளவு பிடிவாதம்!

இந்தப் பிடிவாதக்கார இதயம் ஒருவருக்கு நோபல் பரிசே வாங்கித் தந்திருக்கிறது. அவர் பெயர் ஓட்டோ லோவி. ஆஸ்திரியாவில் பேராசிரியராக இருந்தவர். நரம்பு, இதயத்துக்குக் கட்டளை அனுப்புவது மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா என்று அப்போது விஞ்ஞானிகளுக்குள் பெரிய விவாதம். ஒரு நாள் ராத்திரி தூக்கத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எழுந்து காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால், தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை! மறுநாள் ராத்திரியும் அதே யோசனை. இந்தத் தடவை நேராக ஆய்வகத்துக்கே ஓடிவிட்டார்.

ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, வேறொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அதுவும் மெதுவாகத் துடித்தது. ஆக, ரசாயனம்தான்! 1921ல் வெளியான இந்த ஆய்வுக்காக, 1936ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

லோவி, யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடினார். ஆனால் மாணவர்கள் தேடியது, புத்தகத்திலேயே படம் போட்டுப் பெயர் எழுதியிருந்ததை! அதற்காக ஆண்டுதோறும் ஏராளமான தவளைகள் செத்தன. வயலில் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் தவளைகள் அவை. ஏற்கெனவே வெளிநாட்டுக்காரர்களின் சாப்பாட்டுக்காகத் தவளைக்கால் ஏற்றுமதி நடந்து, 1987ல்தான் இந்தியா அதற்குத் தடை போட்டது. ஆய்வகத் தவளைக்கு விடுதலை கிடைக்க இன்னும் நாளானது. அறுப்பதைக் குறைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011ல் சொன்னது. 2014ல் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது.

"கம்ப்யூட்டரில் தவளையைப் பார்த்தால் கை பழகுமா?" என்று வருத்தப்படும் ஆசிரியர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கை பழக வேறு வழிகள் இருக்கின்றனவே!

நம்ம வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். சில நாட்களில் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். இதுவரை நீங்களே வீட்டில் செய்யலாம். மீதியைக் கல்லூரியில் செய்வார்கள், ஏனென்றால் அமிலமெல்லாம் வேண்டும்.

வேரின் நுனியில் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, அமிலத்தில் மிருதுவாக்கி, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். (இந்தச் சாயம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து! தவளை தப்பித்தது, பூச்சி மாட்டிக்கொண்டது.) பிறகு மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இங்கேதான் கைத்திறமை! பலமாக அழுத்தினால் கண்ணாடி உடையும். லேசாக அழுத்தினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து எதுவும் தெரியாது.

சரியாக வந்தால், மைக்ராஸ்கோப்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் காட்சி கிடைக்கும். சும்மா இருக்கும் செல்கள்தான் நிறைய இருக்கும். பொறுமையாகத் தேடினால், சிவப்பு நூல் துண்டுகள் போலக் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்பதைப் பிடித்துவிடலாம். வெங்காயத்துக்கு அவை 16. நமக்கு 46. அதனால்தான் நாம் புத்திசாலி என்று நினைக்காதீர்கள் குட்டீஸ்... உருளைக்கிழங்குக்கு 48!