பக்கவாதம்: முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்

நான் டாக்டர் அல்ல. சிறுவயதில் கொத்தவால்சாவடியில் மூட்டை எண்ணிப் பழகி, இன்று வடபழனியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். கண்ணால் கண்டதையும், பின்னர் நரம்பியல் டாக்டர்களிடம் கேட்டறிந்ததையும் நம் உறுப்பினர்கள் நன்மைக்காக எழுதுகிறேன்.

2018 ஆடி மாதம். என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வலது கை நழுவியது. பேச்சு குழறியது. பித்தமாக இருக்கும் என்று காபி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். எட்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே பிரஷர் பார்த்து டிரிப் ஏற்றினார்கள். ஸ்கேன் வசதி இல்லை. பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது மணி பதினொன்றரை. "இன்னும் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். இன்று கல்லாவில் அவர் மகன் உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சியின் வலது கை இன்னும் பொட்டலம் கட்டவில்லை.

அது என்ன ஊசி? பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைப்பதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. கசிவுக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் முதலில் சி.டி. ஸ்கேன் அவசியம். இந்த ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. தூங்கி எழும்போதே கை கால் விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

பெரிய குழாயில் அடைப்பு என்றால், மெல்லிய குழாயை உள்ளே செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் 2015க்குப் பிறகு பரவியுள்ளது. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே நேரம் கடந்துவிட்டது என்று நாமாக முடிவு கட்டி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணுவது, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குவது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். அது பெரிய அடிக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், புரையேறும். புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் தேய்ப்பது என்று ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். சாப்பிட்டு வரும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே போவது? மூளை நரம்பு வைத்தியத்தில் நம் ஊருக்குப் பழைய பெயர் உண்டு. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சென்ட்ரல் எதிரே உள்ள அது இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 2023 ஜூனில் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு உண்டு. வடபழனியிலேயே பெரிய தனியார் மருத்துவமனையும் இருக்கிறது. நம் கடைப் பையன்கள் குடும்பத்துக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், 2012 முதல் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அட்டையை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

லாரி அனுப்புமுன் சரக்கு இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்பவர்கள் நாம். அதேபோல் இந்த வாரமே அருகிலுள்ள மருத்துவமனையில் மூன்று கேள்வி கேளுங்கள். இரவிலும் சி.டி. ஸ்கேன் உண்டா? நரம்பியல் டாக்டர் அழைத்தால் வருவாரா? கட்டி கரைக்கும் ஊசி கைவசம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் இடத்தின் பெயரையும் போன் நம்பரையும் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

பிரஷரும் சர்க்கரையும் நம் தொழிலோடு வந்தவை. மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போன சரக்கைத் திரும்ப வாங்கலாம். போன கையை வாங்க முடியாது.