கொடுத்து வைத்தவர்கள் யார்?

மெல்போர்ன் நகரத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒரு கணவனும் மனைவியும் சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு சைக்கிளுடன் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. லில்லிடேல் என்ற கடைசி ஸ்டேஷனில் இறங்கினால், அங்கிருந்து வார்பர்ட்டன் என்ற மலையடிவாரத்து ஊர் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. 1901ல் திறந்த அந்த ரயில் பாதையை 1965ல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் போயிற்று, தடம் நின்றது. இன்று அந்தத் தடத்தில் காரும் இல்லை, லாரியும் இல்லை. நடப்பவரும், சைக்கிள் மிதிப்பவரும், குதிரை மேல் வருபவருமே அதில் போகலாம். பசும்புல் வெளி, பண்ணைகள், ஓங்கிய மரங்கள், பக்கத்தில் யாரா ஆறு. முடிந்த மட்டும் மிதித்து, களைத்த இடத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சஞ்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே அந்தப் படத்தைப் பார்க்கும் உற்றார் உறவினர் என்ன சொல்கிறார்கள்? "சனியும் லீவு, ஞாயிறும் லீவு! ஜோடியாகச் சைக்கிள் விட்டுக்கொண்டு திரிகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்!" என்கிறார்கள்.

கொடுத்து வைத்தவர்கள்! அந்தச் சொல்லை நாம் இங்கே சற்று நிறுத்திப் பார்ப்போம். போன பிறவியில் புண்ணியம் செய்து வைத்தவனுக்கு இந்தப் பிறவியில் சுகம் கிடைக்கும் என்பது அதன் பொருள். அந்தச் சனிக்கிழமை புண்ணியத்தால் வந்ததா? முதலாளி மனம் இரங்கித் தந்ததா? குளிர்ந்த தேசம், கொழுத்த தேசம் என்பதால் தானாக விளைந்ததா? இல்லை, தோழர்களே! கொடுத்தவர்கள் உண்டு, வைத்தவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பது வரலாற்றில் எழுதியிருக்கிறது. அவர்கள் உளி பிடித்த கைகள்.

1856ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள். மெல்போர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். வழியில் இருந்த கட்டட வேலைத்தலங்களிலும் வேலையை நிறுத்திக்கொண்டு, பார்லிமெண்ட் கட்டடம் வரை அணிவகுத்துச் சென்றார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ். பிரிட்டனில் சாசன இயக்கத்தில் பயின்றவர் அவர். என்ன கேட்டார்கள்? நாளைக்குப் பத்து மணி நேரம் வெயிலில் வெந்து கல் செதுக்க முடியாது. எட்டு மணி நேரம்தான் வேலை. ஆனால் கூலியில் ஒரு காசும் குறையக் கூடாது என்றார்கள். உடம்புக்கு ஓய்வு வேண்டும், அறிவு வளரப் படிக்கவும் பொழுது வேண்டும் என்றார்கள். கேட்டதைப் பெற்றார்கள். சிகாகோவின் மே தினப் போராட்டம் நடந்தது 1886ல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே உலகின் தென்கோடியில் நடந்த செய்தி இது.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நம் சொந்தப் பொழுது. இந்த மூன்று எட்டுகளுக்கும் அந்த நகரத்தில் ஒரு நினைவுத் தூணே இருக்கிறது. 1903ல் நாட்டிய அந்தத் தூணின் உச்சியில் 888 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். எதிரே தொழிற்சங்க மாளிகை. 1859ல் அங்கே தொழிலாளர்கள் தமக்கென்று முதலில் எழுப்பிய மரக்கட்டடம் பிறகு கல்மாளிகையாக உயர்ந்து, இன்றும் சங்கங்களுக்கு வீடாக நிற்கிறது. மன்னனுக்கும் மதகுருவுக்கும் தூண் நாட்டுவார்கள். மணிக்கணக்குக்குத் தூண் நாட்டிய ஊர் அது.

ஆனால் ஒரே ஊர்வலத்தில் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கல்தச்சர் பெற்றதைக் கடைச் சிப்பந்தி பெறவில்லை. தையற்கூடத்துப் பெண் பெறவில்லை. வாரத்தில் ஆறு நாளும் வேலை, ஆகவே 48 மணி என்றே கணக்கு ஓடியது. பிறகு 44 ஆயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1947ல் மத்தியஸ்த நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1948 ஜனவரி முதல் நாளிலிருந்து வாரம் 40 மணி என்று ஆனது. சனிக்கிழமை முழுநாளும் தொழிலாளியின் கைக்கு வந்தது அப்போதுதான். இன்று சட்டம் சொல்லும் வரம்பு 38 மணி. வேலை நேரம் முடிந்தபின் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டால், நியாயமான காரணம் இல்லாதவரை எடுக்க மறுக்கும் உரிமையும் 2024 ஆகஸ்டில் வந்திருக்கிறது. 1856லிருந்து 1948 வரை எண்ணிப் பாருங்கள்: தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள்! ஒரு சனிக்கிழமைக்கு மூன்று தலைமுறை விலை கொடுத்திருக்கிறது.

சனிக்கிழமையைப் போலவே அந்தச் சைக்கிளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890களில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் பட்டி விட்டுப் பட்டி, நூற்றுக்கணக்கான மைல், படுக்கைச் சுருட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போனார்கள். குதிரைக்குத் தண்ணீர் வேண்டும், தீனி வேண்டும். வறண்ட காட்டில் இரண்டுக்கும் எங்கே போவது? சைக்கிள் எதுவும் கேட்பதில்லை. இருப்பவன் பொழுதுபோக்காகத் தொடங்கிய வண்டி இல்லாதவனுக்குக் காலாக ஆனது.

பெண்ணுக்கும் அது காலாக ஆனது. 1894ல் சாரா மேடக் என்ற பெண்மணி தம் கணவரோடு சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை சைக்கிளிலேயே போனார். ஏறத்தாழ 900 கிலோமீட்டர், ஒன்பது நாட்கள். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் கடந்த முதல் பெண் அவர். பெண் சைக்கிள் ஏறினால் குடும்பம் கெடும் என்று கூச்சலிட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கூச்சல் போயிற்று; சைக்கிள் நின்றது. கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிப்பது இன்று நேற்று வந்த நாகரிகம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, சற்றுக் கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தச் சனிக்கிழமையும் இந்தச் சைக்கிளும் இருந்த அந்த நாட்டில், நம் நிறத்தவன் கால் வைக்க முடிந்ததா? 1901ல் அந்நாட்டுப் பார்லிமெண்ட் கூடியதும் இயற்றிய முதற் சட்டங்களில் ஒன்று குடியேற்றத் தடைச் சட்டம். அந்தத் தடைக்கு அவர்கள் கண்ட வழியைக் கேளுங்கள்: கப்பலை விட்டு இறங்குபவனுக்கு ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம்! ஆங்கிலம் அறிந்தவனுக்கு வேறொரு மொழி. அதையும் அறிந்தவனுக்கு இன்னொன்று. தேர்வின் பெயரால் நடந்த தள்ளுபடி அது. 1958 வரை அந்தத் தேர்வு சட்டத்தில் இருந்தது.

இதில் நாம் வெட்கத்தோடு குறிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டு மணி நேரத்துக்காகப் போராடிய தொழிற்சங்கங்களே இந்த நிறத்தடையையும் ஆதரித்தன. சீனத் தச்சன் செய்த நாற்காலியை வாங்காதே என்பதற்காக, ஐரோப்பியர் உழைப்பில் ஆனது என்று மரச்சாமானில் முத்திரை குத்தினார்கள். குறைந்த கூலிக்கு ஆள் வந்தால் நம் கூலி குறையும் என்பது அவர்கள் வாதம். வந்தவனையும் சங்கத்தில் சேர்த்து, அவனுக்கும் அதே கூலியைக் கேட்டிருந்தால் கூலி குறைந்திருக்குமா? முதலாளியை நோக்கி நீள வேண்டிய விரல் பக்கத்துத் தொழிலாளியை நோக்கி நீண்டது. அந்தத் தவறு அந்த நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கதவு சற்றே திறந்த கதையில் ஒரு விந்தை இருக்கிறது. ஹூபர்ட் ஆப்பர்மன் என்பவர் விக்டோரியா மாநிலத்தில் 1904ல் பிறந்தவர். இளமையில் சைக்கிளில் தந்தி கொண்டுபோய்க் கொடுத்த பையன். பின்னாளில் சைக்கிள் பந்தய வீரராகி, 1931ல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடும்பந்தயத்தில் வென்றவர். அரசியலில் புகுந்து, 1963ல் குடியேற்ற மந்திரி ஆனார். 1966 மார்ச்சில், தகுதியுள்ள ஆசியரும் குடியேற மனுச் செய்யலாம், பதினைந்து ஆண்டு காத்திருந்து பெற வேண்டிய நிரந்தரக் குடியுரிமைகளை ஐந்தே ஆண்டில் பெறலாம் என்று அறிவித்தவர் அவரே. அவர் நம் கொள்கைக்காரர் அல்ல. பழைமைக் கட்சியின் மந்திரி. உள்நாட்டு மாணவரும் அறிஞரும் ஆண்டுக்கணக்கில் கண்டித்தார்கள். விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் முகம் சுளித்தன. காலம் கதவைத் தட்டியது, அவர் தாழ்ப்பாளை நீக்கினார். 1973ல் விட்லம் அவர்களின் தொழிற்கட்சி சர்க்கார் குடியேற்றத்தில் நிறம் பார்ப்பதையே ஒழித்தது. 1975ல் நிறவேற்றுமைத் தடைச் சட்டம் வந்தது. ஆக, யாரா ஆற்றங்கரையில் இன்று சைக்கிள் மிதிக்கும் தமிழ்த் தம்பதிக்குச் சனிக்கிழமையைத் தந்தவர்களும் வேறு. அந்த மண்ணில் இடம் வாங்கித் தந்தவர்களும் வேறு. யாரும் புண்ணியக் கணக்கில் எழுதித் தரவில்லை.

அதே சனிக்கிழமை மாலையில், அதே நகரத்து வீதியில், இன்னொரு சைக்கிளும் போகிறது. முதுகில் சதுரப் பை. பைக்குள் யாருடைய இரவு உணவோ. மிதிப்பவன் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவன். நம் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனுக்குச் சனி ஏது, ஞாயிறு ஏது? ஊர் விடுமுறை கொண்டாடும் நாளே அவனுக்கு வேலை மிகுந்த நாள். அவன் தொழிலாளி அல்ல, "சுயமாகத் தொழில் செய்பவன்" என்றது கம்பெனி. ஆகவே குறைந்தபட்சக் கூலி கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஏறத்தாழ இரண்டே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் இப்படி உணவு கொண்டுபோன ஐந்து பேர் சாலையில் மாண்டார்கள். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் எழுப்பியது, இயக்கம் நடத்தியது. 2024ல் வந்த சட்டம், இத்தகைய தொழிலாளருக்கும் குறைந்தபட்ச நிலைமைகளை வகுக்க அந்நாட்டு வேலை ஆணையத்துக்கு அதிகாரம் தந்தது. 1856ல் உளியைக் கீழே வைத்தவர்களின் ஊர்வலம் இன்னும் முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது 1890ல். அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஆஸ்திரேலியாவில் வாரம் 40 மணி ஆன அதே 1948ல் நம் நாட்டில் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பையும் தளர்த்த, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. பன்னிரண்டு மணி வேலைக்கு வழி விடும் மசோதா அது. நிறைவேறிய நாள் எது தெரியுமா? 2023 ஏப்ரல் 21. மெல்போர்ன் கல்தச்சர்கள் நடந்த அதே நாள்! சங்கங்கள் எழுந்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடியை உயர்த்திய 1923க்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து!

பொழுது என்பது தொழிலாளியின் சொத்து. நிலத்தைப் போல, கூலியைப் போல, அதையும் பறிப்பார்கள். அதையும் காக்க வேண்டும். மனைவியோடு நாலு மைல் சைக்கிளில் போய்வரவும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரவும், மன்றத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கவும் ஒருவனுக்குப் பொழுது இல்லை என்றால், அவன் வாங்கும் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை.

வாரத்தில் ஒரு நாளும் ஓய்வு அறியாதவன் நம் தெருவிலேயே இருக்கிறான். உணவுப் பையைச் சுமந்து போகிறான். ஜவுளிக் கடை வாசலில் நிற்கிறான். காவலாளி உடுப்பில் இரவெல்லாம் விழித்திருக்கிறான். இந்த வாரம் அவனைத் தேடிப் போங்கள், தோழர்களே. அவன் பெயரைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுங்கள்.