தகரத் துண்டிலிருந்து கடவுச்சீட்டு வரை

கடல் கடந்து செல்லும் மனிதனை நோக்கித் துறைமுக அதிகாரி கேட்கும் கேள்விகள் இரண்டே. "நீ யார்?" என்பது ஒன்று. "உன்னைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் நாடு எது?" என்பது மற்றொன்று. பெயரும் பிறந்த திகதியும் புகைப்படமும் முதற் கேள்விக்கு விடை தரும். இரண்டாம் கேள்விக்கு விடை தருவது அரசின் முத்திரை. பயணப் பத்திரங்கள் எனப்படுவன யாவும் இவ்விரு கேள்விகளுக்கும் எழுத்தில் அமைந்த விடைகளேயாம்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பிரித்தானியப் பிரசை ஒருவர் அமெரிக்காவின் மயாமித் துறையில் உல்லாசக் கப்பலேறிக் கரீபியத் தீவுகளைச் சுற்றிவர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அமெரிக்காவினுள் நுழைவதற்கு விசாவோ, விசா விலக்குத் திட்டத்தின் கீழ் முன்கூட்டியே பெறும் பயண அனுமதியோ வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு தீவின் விதிகளையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். கப்பல் மயாமிக்கே திரும்பி வருவதாயினும், அவர் அங்கே மீண்டும் நுழைபவராகவே கருதப்படுவார். ஆதலின் அவருடைய அனுமதி திரும்பும் நாளிலும் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். அதே கப்பலில் வரும் அமெரிக்கப் பிரசையோ, புறப்பட்ட துறைக்கே மீளும் அத்தகைய பயணத்தில், பிறப்புச் சான்றிதழையும் புகைப்பட அடையாள அட்டையையும் காட்டித் தம் நாட்டினுள் வரலாம். கப்பலும் ஒன்று, கடலும் ஒன்று. பத்திரம் மட்டும் வேறு.

எனினும் அந்தப் பிரித்தானியருக்கு ஒரு கவலை இல்லை. எந்தப் பத்திரம் வேண்டும் என்பதே அவருடைய வினா. எந்த நாட்டின் பத்திரம் என்பது அவருக்கு வினாவே அன்று. நம் மத்திய மலைநாட்டில், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கோ, அந்த இரண்டாவது வினாவே தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

ஆங்கில ஆட்சிக் காலத்தில் தோட்டத்துத் துரையும், அவருடைய தோட்டத்திற் கொழுந்து கொய்த பெண்ணும் சட்டத்தின் கண்ணில் ஒரே முடிக்குரிய குடிகளாகவே இருந்தனர். ஆயின் அவர்கள் கடல் கடந்த விதம் ஒன்றன்று. துரை கொழும்புத் துறையிற் கப்பலேறித் தாயகம் சென்றார். தொழிலாளியோ, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திற் கட்டிக்கொண்டு வந்தார். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்பிற்காகத் தங்கவைக்கப்பட்டு, அதன் பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தகரத் துண்டு அவர் யார் என்று சொல்லவில்லை. எந்தத் தோட்டத்திற் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பவற்றையே சொல்லிற்று. ஒருவகையில் அது பயணியின் சீட்டன்று. பொதியின்மேல் ஒட்டும் முகவரி.

1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையிற் புகைவண்டி ஏறியவர் இடையே கப்பலில் மாறி, மறுபடியும் புகைவண்டியில் மலைநாடு வந்து சேரலாம். திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ உள்ள உறவினரின் நல்லது கெட்டதுகளுக்குத் தோட்ட மக்கள் போய் வந்தனர். அக்காலத்தில் அது வெளிநாட்டுப் பயணமாகத் தோன்றவில்லை. ஊருக்குப் போய் வருதலாகவே இருந்தது.

இந்நிலை 1948இல் மாறியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வழிவழி உரிமை கோருபவர் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. லயன் காம்பராக்களிற் பிறந்த முன்னோருக்குப் பிறப்புப் பதிவு எங்கே கிடைக்கும்? அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கு வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரே முறையில் 12 மாதத்திற்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால் அத்தொடர்ச்சி முறிந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயின் நோய்க்கெனச் சென்று ஊரிலே தங்கிவிட்ட ஒரு பயணமே ஒருவருடைய உரிமைக்கு எதிரான சாட்சியாக நிற்கக் கூடியதாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதே காலத்தில் நடைமுறைக்கு வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டம், பிரசை அல்லாதவர் வந்து போவதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும் என்றது. இலங்கை தன் பிரசை என்று ஏற்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்பு வெளிநாட்டில் வாழும் இந்திய வழியினர் தூதரகத்திற் பதிந்து பிரசையாக வழி செய்ததாயினும், பெரும்பாலோர் அவ்வாறு பதிந்தாரல்லர். ஆகவே பல இலட்சம் மக்கள் நாடற்றவர் ஆயினர். கடவுச்சீட்டு வழங்க ஓர் அரசு வேண்டும். அவர்களுக்கோ அரசே இல்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. முதலாம் உலகப் போரின் பின் நாடிழந்த உருசிய அகதிகளுக்காக 1922இல் நான்சன் கடவுச்சீட்டு உருவாயிற்று. நாடற்றோர் நிலை பற்றிய 1954ஆம் ஆண்டின் உடன்படிக்கை, அத்தகையோருக்குப் பயணப் பத்திரம் வழங்கும் கடமையை அதில் இணைந்த நாடுகளின்மீது சுமத்தியது. நம் மலைநாட்டிற்கோ வேறொரு தீர்வு வகுக்கப்பட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவராகக் கணக்கிடப்பட்டோர் 9 இலட்சத்து 75 ஆயிரம். இவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கப்பல் இராமேசுவரத்தை அடைந்தது.

அக்கப்பலில் ஏறியவர் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. குடும்ப அட்டையிற் பதிந்த பெயர்களை வைத்தே மறுகரையில் உதவிகள் வழங்கப்பட்டன. சேமலாப நிதி முதலிய உடைமைகளைக் கொண்டுசெல்ல ஒப்பந்தம் இடம் தந்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லும் தொகையின் உச்ச எல்லை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் விதித்தது. கடவுச்சீட்டு என்பது போய் வருவதற்கு உரியது. இம்மக்களுக்குத் தரப்பட்டதோ போவதற்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுப் பிரசையாகவும் தம்பி மற்றொரு நாட்டுப் பிரசையாகவும் ஆகிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

1984இற் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் புறப்படாத பல்லாயிரம் பேர் தோட்டங்களிலேயே தங்கினர். இலங்கை 1988இல் இயற்றிய சட்டம் நாடற்றோர் பலருக்கு உரிமை தந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. எனினும் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வாழும் மலையக வழியினர் பலருக்கு அந்தப் பழைய வினா இன்னும் தீரவில்லை.

இன்று ஹட்டனில் வாழும் ஓர் இளைஞர் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையிடையே நின்றும் ஓடியும் வருகின்றது. அதில் ஏறிப் பாட்டனாரின் ஊரைப் பார்க்க விரும்பினால், அவருக்கு வேண்டுவன தம் கடவுச்சீட்டும் இந்திய விசாவுமே. ஆயின் கடவுச்சீட்டுக்கு அடிப்படை பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும். தோட்டப் பகுதிகளிற் பிறப்புப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயரும் இருத்தல் அரிதன்று. பயணத் திகதி நெருங்கிய பின் அதைத் திருத்த ஓடுதல் வீண் அலைச்சல். பிரதேச செயலகத்தில் அதற்கான விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடல் நன்று.

வீட்டுத் தகரப் பெட்டியிற் கிடக்கும் பழைய தாள்களையும் எறிந்துவிடலாகாது. பாட்டனாரின் பிரசாவுரிமைச் சான்றிதழும், காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டும், கப்பலேறாத குடும்ப அட்டையும் பயனற்றவை போலத் தோன்றலாம். ஆனால் ஒரு குடும்பம் எப்போது எங்கே வாழ்ந்தது என்பதை எழுத்தில் நிறுவுவன அவையே. முன்னோரிடம் அத்தகைய ஒரு தாள் இல்லாமையால் நேர்ந்தது யாது என்பதை நாம் கண்டோம். ஆதலால் இருக்கும் தாள்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவற்றின் பொருளையும் சொல்லி, பத்திரமாக வைத்தல் வேண்டும்.