அடுப்பு விற்றால் மட்டும் போதுமா?

சுற்றுலா சீசன் வந்தால் சின்ன கேஸ் அடுப்பும் 5 கிலோ சிலிண்டரும் கேட்டு வருகிறார்கள், நாமும் விற்கிறோம். ஆனால் 26.8.2023 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 உயிர்கள் போனதை வணிகர்களாகிய நாம் மறக்கலாகாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஒரு பொறி போதும். கூடாரத்துக்குள் கரி அடுப்பும் ஆபத்தே. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குபவர் எழமாட்டார்.

ஆகவே பில் போடுமுன், "எதில் போகிறீர்கள்?" என்று கேட்போம். ரயில் என்றால் அடுப்பு வேண்டாம். புளியோதரைக்கு எவர்சில்வர் தூக்கைக் காட்டுவோம். வேன் என்றால், வெட்டவெளியில் இறக்கி வைத்துச் சமைக்கவும், ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கவும் சொல்லி அனுப்புவோம். ஒரு விற்பனை குறையலாம்; வாடிக்கையாளர் குடும்பத்தோடு திரும்பி வருவார்.