ஐம்பது வெள்ளியும் ஒரு பெட்டை நாயும்

சுங்கை பூலோவில் நான் குடியிருக்கும் தாமானில் ஒரு வழக்கம் உண்டு. பின்வரிசை அக்கா தெருநாய்களுக்குச் சோறு வைப்பார். எதிர்வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் செய்வார். ஆட்கள் வந்து இரண்டு மூன்று நாய்களைப் பிடித்துப் போவார்கள். சில மாதங்களில் வேறு நாய்கள் வந்துவிடும். சோறும் நிழலும் குப்பைத் தொட்டியும் அப்படியே இருக்கின்றனவே!

சென்னை இந்தப் பாடத்தை நெடுங்காலம் படித்தது. அங்கே மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860இல். அப்போது நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1995இல் அது நாளுக்கு 135 வரை போனது என்கிறது புளூ கிராஸ் அமைப்பு. கொல்லக் கொல்லக் கூடியதே தவிர குறையவில்லை. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா 1964 முதல் சொல்லிவந்தார். மாநகராட்சி இணங்கியது 1996இல்தான். ‘அங்கே இன்றும் தெருநாய் இருக்கிறதே’ என்பீர்கள். உண்மைதான். ஒரு வட்டாரத்தில் பெரும்பாலான பெட்டைகளுக்குச் செய்து முடித்து, புதிதாக வருபவற்றுக்கும் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

பூனை இன்னும் வேகம். நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும்.

தடை காசுதான். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டும். அதனால் ஆணைவிடச் செலவு அதிகம். தனியார் கிளினிக்கில் சில நூறு வெள்ளி ஆகலாம். சொந்தமில்லாத நாய்க்கு யார் கொடுப்பார்? அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்பிசிஏ நடத்தும் ‘கிளினிக் கெம்பிரி’ போன்ற குறைந்த கட்டண இடங்கள் இதற்காகவே இருக்கின்றன. கட்டணத்தையும் நாளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வரிசையில் ஆறு வீட்டார் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டோம். புகார் செய்பவரும் கொடுத்தார். “எனக்கு நாய் பிடிக்காது. குட்டிகளாவது வராமல் இருக்கட்டும்” என்றார். சோறு வைக்கும் அக்காவைவிட அவர் பேச்சில் நியாயம் கூடுதல் என்று எனக்குப் பட்டது.

கையில் காசு சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. தெருநாய் சொன்னபடி வண்டியில் ஏறாது. அக்கா ஒரு வாரம் கூண்டுக்குள்ளேயே சோறு வைத்துப் பழக்கினார். முதல்நாள் இரவு முதல் பட்டினி போட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதுதான் பெரும்பாடு, ஆளாளுக்கு ரொட்டி போடுகிறார்களே! மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டு வைத்து அடையாளம் செய்தார்கள். வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டோம். 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கிய ரேபிஸை நினைத்தால் அந்தச் செலவு பெரிதில்லை. பிறகு பத்து நாள் தையல் நனையாமல், அது நக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் தந்தார்.

இன்னும் இரண்டு பெட்டைகள் பாக்கி. ஒன்று குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது, அவை பால் மறக்கும்வரை காத்திருக்கிறோம். மற்றொன்று கூண்டைக் கண்டாலே சாலையைக் கடந்து ஓடிவிடுகிறது.